ரீற்றாக்காவின் குசினிக்குள் ஐந்து நிமிடம்

ஒக். 14, செவ்வாய்

விடியவே தூறல். குடையில் ஒரு கம்பி முறிந்து கண்ணைக் குத்தப் பார்த்தது. திருநெல்வேலிச் சந்தியில் பஸ் வர இருபது நிமிடம். வந்ததிலும் நிறைய ஆட்கள்.

குருநகரில் படப்பிடிப்பு. எங்கள் தொண்டு நிறுவனத்துப் பணிப்பாளருக்கு (இனி ப.) ஆறு மாதமாக ஒரே பித்து: முகத்தில் கட்டிப் பார்க்கிற விஆர் பெட்டிக்கு ஒரு படம். கட்டினால் பார்க்கிறவர் ஒரு மீனவப் பெண்ணின் வீட்டுக்குள்ளேயே நிற்பாராம். தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் அந்த வீடுதானாம். "வதனி, சனத்திட்டை இரக்கம் எண்டதே செத்துப் போச்சு. உந்தப் பெட்டிதான் அதுக்குத் திருப்பி உயிர் குடுக்கப் போகுது." பெயரும் அவரே வைத்துவிட்டார்: "அவளாக ஐந்து நிமிடம்".

பெண்ணைத் தேடிக் கொடுத்தது நான். ரீற்றாக்கா. நாற்பத்தாறு வயது. கருவாடு காயப்போடுகிற இடத்தில் வேலை. கணவர் அந்தோனி மூன்று வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் தொழிலுக்குப் போனவர். காற்று எழும்பியது. ஆளும் இல்லை, படகின் ஒரு துண்டும் இல்லை. வீட்டுக் காணி அவர் பெயரில். கூரை போட்டுக் கொடுக்கிற திட்டத்தில் சேர அவருடைய கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அவர் இறந்ததற்குச் சான்றிதழ் வேண்டும். உடல் கிடைக்காதபடியால் சான்றிதழுக்கு முன் அரசாங்கக் கந்தோரில் ஒரு பெரிய அதிகாரி கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கோப்பு அங்கே பதினான்கு மாதமாக நித்திரை.

ரீ. அக்கா படத்துக்குச் சம்மதித்தது இதற்காக மட்டும்தான். அந்த அதிகாரிதான் வெளியீட்டுக்குப் பிரதம விருந்தினர் என்று நான் சொன்னேன்.

"நேரை கதைக்க விடுவினமோ, பிள்ளை?"

"நான் பக்கத்திலை நிண்டு கதைப்பிக்கிறன் அக்கா. என்ரை பொறுப்பு."

இதை இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு நான் சொல்லவில்லை என்று எனக்கே நான் கதை விடக்கூடாது.

படம் எடுக்க வந்தவர் றொஷான், கொழும்பு. கமரா நாலு பக்கமும் பார்க்குமாம், அதனால் குசினிக்குள் வேறு ஒருவரும் நிற்கக் கூடாது. நானும் றொஷானும் வெளியே கோழிக்கூட்டுக்குப் பின்னால், மழையில். அவர் அங்கிருந்தே கத்துகிறார்: "ஆன்டி, அத கமரான்னு நினைக்காதீங்க! ஒரு ஆள் ஒங்க வீட்டுக்கு வந்திருக்கிறாருன்னு நினைச்சுக் கதைங்க!"

ஆள் வந்திருக்கிறார் என்று சொன்னால் ரீ. அக்கா என்ன செய்வார்? அடுப்பில் கேத்தில் வைத்தார். தேத்தண்ணி ஊற்றினார். பனங்கட்டி ஒரு துண்டோடு கொண்டுவந்து கமராவின் மூன்று காலுக்கு முன்னால் ஒரு முக்காலியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்.

றொஷான் தலையில் கை வைத்தார். "ஐயோ ஆன்டி, எதுக்கு டீ?"

"வந்த ஆளை வெறும் வாயோடை வைச்சுக் கதைக்கிறதோ, தம்பி?"

மூன்று தரம் எடுத்தார்கள். மூன்று தரமும் புதுத் தேத்தண்ணி. மூன்றையும் குடித்தது நான். இரண்டாவதற்குச் சீனி கூட.

ஒக். 17, வெள்ளி

மழை விட்டது. காஸ் முடிந்தது. பாண் வாங்கிச் சம்பலோடு சமாளித்தேன்.

வெட்டி ஒட்டிய படத்தை எங்கள் கந்தோர்க் கொம்பியூட்டரில் போட்டுக் காட்டினார்கள். தேத்தண்ணி இருக்கிறது. ("அதுதான் அக்கா படத்தோட உயிரே." அன்றைக்குத் தலையில் கை வைத்த அதே றொஷான்.) அடுப்புப் புகை, ஓட்டைக் கூரை, மாதா படம், கடல் இரைச்சல், எல்லாம் உண்டு. ரீ. அக்கா கோப்பைப் பற்றிச் சொன்ன பகுதி மட்டும் இல்லை. கோப்பு இலக்கத்தைக் கூட மனப்பாடமாகச் சொன்னவர். அப்படியே வெட்டு.

"அது டேட்டா அக்கா. ஃபீலிங் இல்ல. பாக்கிறவங்க வெளிய வந்துருவாங்க."

வெளியே வந்து கோப்பைத் தேடவேண்டும் என்றுதானே அந்த மனுசி சொன்னார்? ப.விடம் போனேன். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னது: "வதனி, முதல் சனம் அழட்டும். அழுதாப் பிறகு தானாச் செய்வினம்." பெயரையும் மாற்றிவிட்டார்கள். பாதுகாப்புக்காம். படத்தில் ரீ. அக்கா இப்போது "மரியா".

யாரிடமிருந்து பாதுகாப்பு? கேட்டேன். ப. போனைக் காதில் வைத்தார். பின்னேரம் முழுக்க ஒருவரோடும் கதைக்காமல் இருந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒக். 22, புதன்

கடும் மழை. பின்னேரம் எங்கள் கந்தோரில், படத்துக்கு அடியில் வருகிற எழுத்தில் பிழை பார்க்கிற வேலை எனக்கு. பெட்டியைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். கனம். மூக்கை நசுக்குகிறது. உள்ளே வேறு யாரோ பூசிய தைலத்தின் மணம்.

ஆனால் உண்மையை எழுதவேண்டும். கட்டி ஒரு நிமிடத்தில் நான் அழுதேன். தேத்தண்ணி நேரே என் மடியடிக்கு வந்தது. ரீ. அக்கா என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "அந்தாள் போகேக்கை திரும்பிப் பாத்தவர் எண்டு சில நேரம் நினைக்கிறன். சில நேரம் பாக்கேல்லை எண்டு நினைக்கிறன்." நேரில் இதே வசனத்தைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று மூன்று தரம் கேட்டவள் நான். அப்போது குடைக்கம்பிதான் பெரிய கவலை. பெட்டிக்குள் மட்டும் விக்கி விக்கி அழுகை. திருப்பியும் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். அழ வசதியாக இருந்தது.

கழற்றினால் போனில் நாலு தவறிய அழைப்பு. நாலும் ரீ. அக்கா.

எடுத்தேன். கடல் பெருகி, மழை வெள்ளமும் சேர்ந்து குசினிக்குள் முழங்கால் அளவு தண்ணி. அரிசி மூட்டையைத் தூக்க ஆள் தேவைப்பட்டிருக்கிறது. கடுதாசிகள் இருந்த பை நனைந்துவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டார் வந்து தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தார்களாம்.

"நீ என்ன பிள்ளை செய்துகொண்டு இருந்தனி?"

"வேலை அக்கா."

வேறு என்ன சொல்ல? உங்கடை குசினிக்குள்ளைதான் அக்கா நிண்டனான், அழுதுகொண்டு நிண்டனான் என்றா? விசர்.

ஒக். 28, செவ்வாய்

வெளியீடு. வெயில், அவிச்சல். கொண்டுபோக வேண்டியவை:

– பெட்டிகள் 12, துடைக்கத் துணி
– சுழலும் கதிரைகள் (ஒன்றின் சில்லு கழன்றது)
– மாலை, குத்துவிளக்கு, திரி, நெருப்புப்பெட்டி
– கருத்துப் படிவம்
– ரீ. அக்கா

கடைசியை மறந்து வாகனம் வெளிக்கிட்டது. நான் இறங்கி ஓட்டோ பிடித்துப் போய்க் கூட்டிவந்தேன். நீலச் சேலை, தலைக்குப் பூ. கையில் நனைந்து காய்ந்து சுருண்ட கடுதாசிப் பை. பஸ்சில் மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி ஓட்டோவுக்குள் வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு வந்தார்: "சேர், நான் ரீற்றா. என்ரை புருசன்..."

மண்டபத்தில் முதல் வரிசையில் கதிரை ஒதுக்கியிருந்தோம். யாரோ ஒரு பிரமுகரின் மனைவி வந்து அது தன் இடம் என்றாராம். ரீ. அக்கா எழும்பி வழி விட்டாராம். நான் மைக் சரிபார்க்கப் போயிருந்த நேரம்.

பன்னிரண்டு பெரிய மனிதர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கதிரையில் சுழன்றார்கள். தேத்தண்ணி வருகிற இடத்தில் பன்னிரண்டு கைகள் வெறும் காற்றை எட்டிப் பிடித்தன. ஒரு ஐயா "தாங்ஸ்" என்றே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். பிறகு அழுகை தொடங்கியது. அதிகாரி பெட்டியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து, பெட்டிக்குள்ளும் துடைத்தார். மேடை ஏறினார். "ஐஞ்சு நிமிசம் நான் அந்தத் தாயா இருந்தன். இனி என்னாலை அவவை மறக்கேலாது." கைதட்டு.

நான் ரீ. அக்காவைத் தேடினேன். முதல் வரிசையில் இல்லை, பின் வரிசையிலும் இல்லை. எங்கே என்று பார்த்தால் தேநீர் மேசையில். சும்மா நிற்க ஏலாமல் ஊற்றிக் கொடுக்கிற பிள்ளைகளுக்கு உதவி. கண் மை கரைந்து வழிந்த ஒரு பெண்மணி அவர் கையில் வெறும் கோப்பையைக் கொடுக்கிறார்: "தங்கச்சி, சீனி இல்லாமல் இன்னும் ஒண்டு." ஒரு நிமிடத்துக்கு முன் அந்தக் கண்ணீர் யாருக்காக வந்ததோ அவருடைய கையில்தான் கொடுக்கிறோம் என்று தெரியாது. எப்படித் தெரியும்? படத்தில் புகை, பழைய சட்டை, விரித்த தலை. இங்கே சேலை, பூ.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அதிகாரி வாகனத்துக்குள். கண்ணாடி ஏறிவிட்டது. சாரதி சொல்கிறான், "சேருக்கு இன்னொரு கூட்டம்."

ரீ. அக்கா மூச்சு வாங்கினார். "பறுவாயில்லைப் பிள்ளை. அந்தாள் நல்லா அழுதவர்."

அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

கருத்துப் படிவத்தில் ஒரு கேள்வி: "உங்கள் இரக்கம் எவ்வளவு கூடியது? ஒன்று முதல் ஐந்து." எல்லோரும் ஐந்து. ப. படிவக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

நவ. 2, ஞாயிறு

வேதக்காரருக்கு ஆத்துமாக்கள் திருநாள். குருநகரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறது. ரீ. அக்கா போகவில்லை. வீட்டு வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தார்.

"நீங்கள் போகேல்லையோ அக்கா?"

"செத்தவைக்குத்தானே மெழுகுதிரி. எங்கடை ஆள் செத்தவரோ இல்லையோ எண்டு கந்தோர் இன்னும் சொல்லேல்லையே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமியார் இப்பவும் மகன் எங்கேயோ கரை ஒதுங்கி இருக்கிறான் என்கிறாராம். ஊர்ச் சனம் இரண்டு பக்கமும் தலையாட்டுமாம். மூன்று வருடமாக ஒருவரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. எதை விசாரிப்பது? "வந்து விசாரிச்சால் அவர் செத்தது எண்டு ஆகிப்போம் எண்டு சனத்துக்குப் பயம். எனக்கும்தான்."

நாளைக்கு அந்த அதிகாரி கந்தோரில் பொதுமக்களைச் சந்திக்கிற நாள். கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ப.வுக்குச் சொல்லவில்லை. உடம்புக்கு வருத்தம் என்று லீவு.

நவ. 3, திங்கள்

எட்டு மணிக்கே வரிசை. முன்னால் முப்பது பேராவது. இருக்க வாங்கில் இடம் இல்லை. ஒரு கிழவர் என் செருப்பின் மேல் ஏறி நின்றார், இறங்கவில்லை.

பதினொன்றரைக்கு உள்ளே விட்டார்கள். அதே அதிகாரி. தலை நிமிரவில்லை. ரீ. அக்கா தொடங்கினார்: "சேர், என்ரை புருசன்ரை கடுதாசி..."

"எல்லாரும் அவசரம் எண்டுதான் வாறியள்." கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொல்கிறார். "பொறுமை வேணும் அம்மா. போன கிழமை ஒரு படம் பாத்தனான். குருநகரிலை மரியா எண்டு ஒரு மனுசி. புருசன் கடலோடை. கூரை ஒழுகுது. ஒரு முறைப்பாடு, ஒரு கரைச்சல் இல்லை. வந்த ஆளுக்குத் தேத்தண்ணி குடுக்கிறா. உங்களைப் போலை ஆக்கள் அதை ஒருக்காப் பாக்க வேணும்."

அது இவர்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரீ. அக்கா என் மணிக்கட்டைக் கிள்ளினார், நல்ல கிள்ளு, இப்பவும் கண்டல் இருக்கிறது.

"ஓம் சேர். அந்த மனுசியை எனக்குத் தெரியும்."

"உண்மையோ?" பேனை நின்றது.

"வடிவாத் தெரியும். அவவின்ரை கோப்பும் உங்கடை கந்தோரிலைதான் கிடக்கு, பதினாலு மாசமா. என்ரை கிடக்கட்டும் சேர். அவவின்ரையை முதல் பாத்துக் குடுங்கோ."

மனிசன் பதறிப்போனார். "மரியாவின்ரையோ? இஞ்சையோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!" மணி அடித்தார். "நம்பர் ஏதும் தெரியுமோ அம்மா?"

ரீ. அக்கா சொன்னார். றொஷான் வெட்டி எறிந்த அதே இலக்கம். லிகிதர் ஓடினார். ஏழு நிமிடத்தில் கோப்பு மேசையில். பதினான்கு மாதம் தூங்கியது ஏழு நிமிடத்தில் எழும்பி வந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

திறந்தார். "இதிலை மரியா எண்டு இல்லையே..." ஒரு தாளைத் திருப்பினார். அடையாள அட்டைப் பிரதி. படத்தைப் பார்த்தார். முதல் தரமாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். திருப்பியும் படத்தை.

"இருங்கோ," என்றார். அதுவரைக்கும் நாங்கள் நின்றுகொண்டே கதைத்திருக்கிறோம். கதிரை பக்கத்திலேயே கிடந்தது.

"அண்டைக்கு மண்டபத்துக்கு வந்தனீங்களோ?"

"ஓம் சேர். உங்களுக்கு நான்தான் தேத்தண்ணி ஊத்தித் தந்தனான்."

அதிகாரி பேனையை எடுத்தார். கையெழுத்து வைத்தார், முத்திரை குத்தினார். சான்றிதழ் இரண்டு கிழமையில் என்று லிகிதர்தான் சொன்னார்.

வெளியே வந்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "எப்பிடி அக்கா உந்த யோசினை வந்தது?" ரீ. அக்கா சிரிக்கவில்லை. "அந்தாளுக்கு மரியாவிலை உண்மையாவே இரக்கம், பிள்ளை. ரீற்றாவைத்தான் கண்ணுக்குத் தெரியேல்லை. அதுதான் அவவை விட்டுக் கேட்டனான்." பிறகு செருப்பு வார் அறுந்ததைப் பற்றிக் கதைத்தார்.

நவ. 17, திங்கள்

காற்று. வாடைக் குளிர் போல ஒன்று. காலையில் சான்றிதழ் கையில் கிடைத்தது.

பஸ் நிலையத்து வாங்கில் இருந்து ரீ. அக்கா எழுத்துக்கூட்டி வாசித்தார். பெயர் சரி. தகப்பன் பெயர் சரி. திகதியில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார்.

"எந்தத் திகதி போட்டிருக்கினம்?"

"அவர் போன அண்டைக்குத்தான் அக்கா."

"அண்டைக்கே எண்டோ?" சான்றிதழை மடியில் வைத்தார். "அடுத்த நாள் முழுக்க நான் அவருக்குச் சோறு மூடி வைச்சுக்கொண்டு இருந்தனான்."

பஸ்சுக்குள் ப.வின் அழைப்பு. யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வதனி! கடுதாசி கிடைச்சிட்டுதாமே! ஐயோ, அதை எடுக்கேல்லையே? றொஷானை வரச் சொல்லட்டோ? கந்தோரிலை திருப்பி ஒருக்கா அவவின்ரை கையிலை குடுக்கச் சொல்லுவம். இரண்டாம் பாகம்! 'அவளாக இன்னும் ஐந்து நிமிடம்'!" நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதவில்லை. பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். போனை நிறுத்திவிட்டேன். நாளைக்கு வேலை இருக்குமோ தெரியாது. இப்போதைக்கு அக்கறை இல்லை.

வீட்டுக்குப் போனதும் சான்றிதழை மாதா படத்துக்குக் கீழே வைத்தார். வழமை போலக் கேத்திலை எடுத்தார். எடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே குசினி நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு குரல் வந்தது. அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. "என்ரை ராசா" என்பது மட்டும் விளங்கியது.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருத்தி கேத்திலைக் கையிலிருந்து வாங்கி வைத்தாள். ஒருத்தி தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் வந்து சுவரோரம் இருந்தார்கள். மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவரும் வந்து மருமகளின் காலடியில் இருந்தார். மூன்று வருடம் பிந்தி, விசாரிக்க வந்துவிட்டார்கள்.

நானும் இருந்தேன். உண்மையை எழுதவேண்டும்: எனக்கு அழுகை வரவில்லை. பெட்டிக்குள் வந்தது இங்கே ஒரு துளி வரவில்லை. கால் விறைத்தது. நிலம் ஈரம். பின்னேரப் பஸ் போய்விடுமே என்று யோசித்தேன். அவராக ஒரு நிமிடம் கூட என்னால் இருக்க முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருக்க மட்டும் முடிந்தது. இரண்டு மணித்தியாலம் இருந்தேன்.

செத்த வீட்டில் "போட்டு வாறன்" என்று சொல்லி எழும்புவதில்லை. வேதக்காரர் வீட்டில் எப்படியோ, கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொல்லாமல் வந்தேன்.